ஐயாவின் குரலும் அம்மாவின் குரலும்

மதிப்புக்குரிய எழுத்தாளர் அவர்களுக்கு,

எங்கள் ஐயாவுக்கு 76 வயது. ஊர்க் கோயிலில் பூசைக்குப் பின் தேவாரம் ஓதுபவர். இரண்டு மூன்று வருடங்களாக அவருடைய குரல் மெலிந்து கீச்சிடுகிறது. அம்மாவின் குரலோ தடித்துவிட்டது. கனடாவிலிருந்து தொலைபேசி எடுக்கும் தம்பி, அம்மா ‘ஹலோ’ சொன்னதும் “ஐயாவோ?” என்று கேட்கிறான். ஒரே வீட்டில் இருவருக்கும் ஏன் எதிரெதிராக நடக்கிறது? மிளகும் பனங்கற்கண்டும் கொடுத்துப் பார்த்தோம், பயனில்லை.

ஒரு வாசகி, கோண்டாவில்

அன்புள்ள சகோதரிக்கு,

நாதஸ்வரக் கலைஞர் சீவாளியை வாயில் நனைத்து, குழலில் பொருத்தாமலே ஒருமுறை ஊதிப் பார்ப்பதைக் கோயில் வீதியில் கண்டிருப்பீர்கள். அப்போது எழுவது வெறும் கீச்சொலி. குழலுக்குள் புகுந்த பின்பே அது நாதமாகிறது. நம் மிடற்றிலும் சீவாளியின் இரு இதழ்களைப் போல இரண்டு தசைமடிப்புகள் எதிரெதிரே இருக்கின்றன. நுரையீரலிலிருந்து எழும் காற்று அவற்றைப் பிரித்துச் சேர்க்க, பேசும்போது ஆணுக்கு நொடிக்கு ஏறத்தாழ 120 தடவையும் பெண்ணுக்கு 200 தடவையும் அவை அதிர்கின்றன; தொண்டையும் வாயும் மூக்கும் குழலின் வேலையைச் செய்கின்றன. (1854ஆம் ஆண்டில் சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் பிடித்துத் தம்முடைய மடிப்புகளையே பார்த்த மனுவேல் கார்சியா வைத்தியரல்லர், பாட்டு ஆசிரியர் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.)

பருவ வயதில் ஆண்பிள்ளையின் மடிப்புகள் நீண்டு தடிப்பதையே மகரக்கட்டு உடைதல் என்கிறோம். முதுமையில் அந்தத் தசை மெலிகிறது. மடிப்புகளின் விளிம்பு வில்லாக வளைந்து, நடுவே முழுதாகச் சேராமல் காற்றுக் கசிகிறது. மெலிந்த இதழ் விரைந்து அதிர்வதால் பேச்சுக்குரல் சற்று உயர்கிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் சுரப்புகள் குறைய, மடிப்புகள் சற்றுத் தடித்துக் குரல் இறங்குகிறது. உங்கள் வீட்டில் இரண்டு குரல்களும் ஒன்றையொன்று நோக்கி நடந்து வந்திருக்கின்றன. இதனோடு விலாவெலும்புக் கூடு இறுகி, நுரையீரலின் மீள்தன்மையும் குறைவதால், முன்பு ஒரே மூச்சில் ஓதிய அடியை ஐயா இப்போது இடையில் முறித்துத்தான் ஓதுவார்.

மிளகும் பனங்கற்கண்டும் தொண்டைக்கு இதம் தரலாம். ஆனால் விழுங்குவது எதுவும் அந்த மடிப்புகளைத் தொடுவதில்லை, தொட்டால் புரைக்கேறிவிடும். ஐயாவை ஓதவேண்டாம் என்று மட்டும் நிறுத்திவிடாதீர்கள். முதியவர்களின் குரலை வயது கெடுப்பதில் பாதியை வீட்டாரின் அந்த அக்கறையே கெடுக்கிறது என்பது என் எண்ணம். பயன்படாத தசை இன்னும் மெலியும். சுருதியை அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்கி, நாள்தோறும் சிறிது நேரம் ஓதட்டும், தண்ணீரும் போதிய அளவு குடிக்கட்டும். குரல் கரகரத்து மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் மட்டும், வயதின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருக்காமல், காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் காட்டுங்கள்.

தம்பி குழம்புவதில் முழுப் பிழையும் அவருடையதல்ல. சாதாரணத் தொலைபேசி இணைப்பு நொடிக்கு 300 அதிர்வுக்குக் கீழுள்ள ஒலியைப் பெரும்பாலும் வெட்டிவிடுகிறது. அம்மாவின் குரலுக்கும் ஐயாவின் குரலுக்கும் அடித்தளமான அதிர்வு அந்த வெட்டுப்பட்ட பகுதியிலேயே இருப்பதால், எஞ்சிய மேலொலிகளைக் கொண்டு அதைக் காதுதான் ஊகித்துக்கொள்கிறது. இரண்டு குரல்களும் இவ்வளவு நெருங்கிவிட்ட பிறகு, ஒரு ‘ஹலோ’வை மட்டும் கேட்டு ஊகிப்பது அவருக்குச் சிரமந்தான், அம்மா தம்பியின் பெயரைச் சொல்லி இரண்டு வார்த்தை சேர்த்துக் கதைக்கட்டும்.