இரண்டு வார ஆங்கில வாத்தியார்

வணக்கம் சார்,

கோவையில் மென்பொருள் வேலை. டிசம்பர் கடைசியில் எனக்கும் மனைவிக்கும் இரண்டு வாரம் விடுப்பு இருக்கிறது. திபெத்திய அகதிகள் குடியிருப்பு ஒன்றில் தங்கி குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரலாம் என்று ஆசை. இதற்கு ஏற்பாடு செய்துதரும் ஒரு நிறுவனம் ஆளுக்கு முப்பதாயிரம் கேட்கிறது. கொடுக்கலாமா? அடுத்த வருடம் வேலை மாற்றலில் டொராண்டோ போகிறோம், அங்கேயும் இதைத் தொடர வழி உண்டா? "பூலுவப்பட்டி முகாமில் நம்ம ஈழத்துச் சனங்க இருக்கையில திபெத்துக்காரனைத் தேடிப் போறியா?" என்று நண்பன் ஒருவன் கேட்டான். என்ன சொல்வதென்று தெரியவில்லை.

மகேஷ்

அன்புள்ள மகேஷ்,

முதலில் அந்தப் பணம். கொடுக்காதீர்கள். கர்நாடகத்திலுள்ள பைலகுப்பே, முண்டகோடு மாதிரி திபெத்தியக் குடியிருப்புகளில் தங்க உள்துறை அமைச்சகத்தின் தனி அனுமதி வேண்டும் என்ற விதி வெளிநாட்டவருக்குத்தான். அதற்கு அலையவேண்டியிருப்பதால் அவர்களுக்கு இடையில் ஒரு ஆள் தேவைப்படலாம், உங்களுக்கு எதற்கு? மைசூர் போய் குஷால்நகர் பஸ் ஏறினால் பைலகுப்பே. அதைவிடக் கிட்டத்தில், சத்தியமங்கலம் காட்டைத் தாண்டினால் கொள்ளேகால் பக்கம் ஒடேயர்பாளையாவிலும் 1970களிலிருந்து ஒரு குடியிருப்பு இருக்கிறது. ஒவ்வொரு குடியிருப்புக்கும் இமாசலத்தின் தரம்சாலாவில் இருக்கும் திபெத்திய நிர்வாகத்தின் அலுவலகம் உண்டு, பொறுப்பாக ஒரு அதிகாரியும் இருப்பார். அவருக்கு உங்களைப் பற்றியும் உங்களுக்குத் தெரிந்த வேலை பற்றியும் ஒரு கடிதம் எழுதி, என்ன தேவை என்று கேளுங்கள். பதில் வர நாளாகலாம். வராவிட்டால் போன் பண்ணுங்கள்.

அடுத்தது அந்த ஆங்கிலம். கோபித்துக்கொள்ளாதீர்கள், இரண்டு வாரத்தில் எந்தக் குழந்தைக்கும் யாரும் எதுவும் சொல்லித்தர முடியாது. பாட்டும் விளையாட்டுமாகப் பத்து நாள் ஓடும், பிள்ளைகள் ஒட்டிக்கொள்ளும், நீங்கள் கிளம்புவீர்கள், அடுத்த மாதம் வேறொருவர் வந்து அதே பாட்டை முதலிலிருந்து ஆரம்பிப்பார். அதோடு, கல்வியில் அவர்கள் நாதியற்றவர்கள் கிடையாது. 1959இல் தலாய் லாமா எல்லை தாண்டி வந்தார், மறு வருடமே அவருடைய அக்கா ட்செரிங் டோல்மா பொறுப்பில் தரம்சாலாவில் குழந்தைகள் இல்லம் தொடங்கிவிட்டது. இன்றைக்கு டி.சி.வி. (திபெத்தியக் குழந்தைகள் கிராமம்) என்று பல கிளைகளோடு நடக்கும் பள்ளிகளின் ஆரம்பம் அதுதான். சின்ன வகுப்புகளில் திபெத்திய மொழி வழி, அப்புறம் ஆங்கில வழி. அங்கே பத்தாவது படிக்கும் பெண்ணின் ஆங்கிலம் நம்முடையதைவிடச் சரளமாக இருக்க நிறைய வாய்ப்பிருக்கிறது.

ஆங்கிலம் தேவைப்படுவது பெரியவர்களுக்கு. வளர்ந்த பிறகு திபெத்திலிருந்து வந்தவர்கள், மடத்திலேயே வளர்ந்த பிட்சுகள், சமையல்கட்டிலும் கடையிலும் வேலை பார்ப்பவர்கள். தரம்சாலாவை ஒட்டிய மெக்லியோட்கஞ்சில் இதற்கென்றே பேச்சு வகுப்புகள் நடக்கின்றன. போய் உட்கார்ந்து மூன்று நான்கு பேரோடு ஒரு மணி நேரம் பேசவேண்டும், அவ்வளவுதான் வேலை. வானிலை, சாப்பாடு, ஊர், என்ன படம் பார்த்தாய், எதுவானாலும் சரி. இரண்டு வாரம் மட்டும் இருப்பவர் உருப்படியாகச் செய்யக்கூடியது இது. நான் அப்படி உட்கார்ந்தபோது ஒரு பிட்சு, நாற்பது வயதிருக்கும், சிவப்பு அங்கியின் மடிப்பிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்து, முந்தின நாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லித் தனக்குப் புரியாமல் போனவற்றைக் காதில் விழுந்தபடி திபெத்திய எழுத்தில் எழுதி வைத்திருந்ததை ஒவ்வொன்றாக வாசித்து அர்த்தம் கேட்டார். அன்றைக்கு வகுப்பு முழுக்க ரத்த அழுத்தமும் உப்பும்தான்.

கர்நாடகக் குடியிருப்புகளுக்குப் போவதானால் டிசம்பர் என்பதைக் கொஞ்சம் யோசியுங்கள். குளிர்காலத்தில் நம் ஊர்களில் நடைபாதையிலும் மைதானத்திலும் ஸ்வெட்டர் விற்கும் திபெத்தியர்களைப் பார்த்திருப்பீர்கள். லூதியானாவில் சரக்கெடுத்து நாடு முழுக்கப் போகிறவர்கள். குடியிருப்பில் மக்காச்சோளம் போட்டு மழையை நம்பி எடுக்கிற வருமானம் போதாததால் பல குடும்பங்களுக்கு இந்த சீசன்தான் சோறு போடுகிறது. லோசார் புத்தாண்டு நெருங்கும்போதுதான் திரும்புவார்கள். ஆக, டிசம்பரில் வீட்டில் இருப்பது பெரும்பாலும் கிழவர்களும் பாட்டிகளும். 2009இல் அவர்களே எடுத்த கணக்கில் இந்தியாவில் சுமார் 94,000 திபெத்தியர் இருந்தார்கள். அதற்குப் பிறகு எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. இளசுகள் அமெரிக்கா, கனடா, பிரான்ஸ் என்று கிளம்புகிறார்கள், திபெத்திலிருந்து புதிதாக வருவது 2008க்குப் பின் கிட்டத்தட்ட நின்றே போய்விட்டது. குழந்தைகளைத் தேடிப் போகிற தன்னார்வலர்கள் வயசானவர்கள் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது என் நெடுநாள் எரிச்சல்.

அந்த வயசானவர்களுக்கு என்ன வேண்டும்? ஆஸ்பத்திரிக்குத் துணை, வங்கிக்குத் துணை, அப்புறம் காகிதம். திபெத்தியர் இந்தியாவில் இருக்கப் பதிவுச் சான்றிதழ் வேண்டும். ஆர்.சி. என்பார்கள். காலாவதியாகும் முன் புதுப்பிக்கவேண்டும், இப்போது அதற்கு இணையத்தில் விண்ணப்பம், புகைப்படம் இத்தனை கேபிக்குள், கைபேசிக்கு ஓடிபி. வெளிநாடு போக பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக ஐ.சி. (அடையாளச் சான்றிதழ்) என்ற மஞ்சள் புத்தகம். இதில் பெயர் ஒரு பெரிய தலைவலி. திபெத்தியர் பலருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. தலாய் லாமா தன் பெயரிலிருந்து எடுத்து வைப்பதால் ஒரு வகுப்பில் பாதிப் பேர் டென்சின். ட்செரிங் என்று ஒரு அட்டையில், சேரிங் என்று இன்னொன்றில். திபெத்தில் பிறந்த பாட்டிக்குப் பிறந்த தேதி தெரியாது, எந்த மிருகத்தின் வருடம் என்று மட்டும் சொல்வார். சர்நேம் கட்டத்தில் என்ன போடுவதென்று அப்பா பெயரையும் இனிஷியலையும் வைத்துக்கொண்டு முழித்த தமிழனுக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை. கணினியும் தெரியும், அரசாங்க விண்ணப்பத்தின் குணமும் தெரியும் என்றால் உங்களுக்கு அங்கே வேலை இருக்கிறது. கன்னடமும் கொஞ்சம் வந்தால் இன்னும் நல்லது, தாலுகா அலுவலகத்தில் ஐரோப்பியத் தன்னார்வலரால் செய்யமுடியாததை நீங்கள் செய்யலாம். மனைவிக்கு மருத்துவம், செவிலியர் பின்னணி ஏதும் உண்டா? விடுதி, மடம் என்று கூட்டமாகத் தங்கும் இடங்களில் காசநோய் அவர்களுக்கு இன்னும் பெரிய பிரச்சினை. ஆறு மாத மருந்தை நடுவில் விடாமல் பார்த்துக்கொள்ள ஆள் தேவை. ஆனால் இது உள்ளூரில் இருந்து செய்யவேண்டியது, விடுப்பில் போய் அல்ல.

நண்பருக்கு என்ன பதில் என்றால், அவர் கேட்டது நியாயம்தான், அவரையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூலுவப்பட்டிக்குப் போய் வாருங்கள். ஒன்றைச் செய்தால் இன்னொன்றைச் செய்யக்கூடாது என்று யார் சொன்னது? (இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டையும் செய்வதில்லை. உங்கள் நண்பர் அப்படியில்லை என்றே வைத்துக்கொள்வோம்.) 1951இன் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை, இரண்டு கூட்டமும் அரசாணைகளின் தயவில்தான் வாழ்கிறது. 2019இன் குடியுரிமைத் திருத்தம் ஈழத்தமிழரையும் சேர்க்கவில்லை, திபெத்தியரையும் சேர்க்கவில்லை. திபெத்தியருக்கு 1960களில் மைசூர் அரசு ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் கொடுத்தது, உலகம் முழுக்கப் புரவலர்கள் கிடைத்தார்கள், முகாம்காரர்களுக்கு இரண்டும் வாய்க்கவில்லை. நண்பரின் கோபம் அதைப் பற்றியதென்றால் எனக்கும் உண்டு. அதற்குத் திபெத்தியப் பாட்டி என்ன செய்வாள்?

டொராண்டோ சுலபம். பார்க்டேல் என்ற பகுதி, தெருவுக்குத் தெரு மோமோ கடை. 1970களின் தொடக்கத்தில் கனடா சில நூறு திபெத்தியரை எடுத்துக்கொண்டது, பின்னால் அமெரிக்கா வழியாக வந்து அடைக்கலம் கேட்டவர்கள் ஏராளம். பலர் இந்தியாவில் வளர்ந்தவர்கள், இந்தியில் சளைக்காமல் பேசுவார்கள், பைலகுப்பேக்காரர் என்றால் கன்னடமும் வரலாம். வேலைக்கு விண்ணப்பம் எழுதித்தருவது, கணினி சொல்லித்தருவது, பிள்ளைகளுக்குக் கணக்கு, இதெல்லாம் தாராளமாகச் செய்யலாம். அடைக்கல வழக்கில் மட்டும் வாயைத் திறக்காதீர்கள். 1950 ஜனவரி 26க்கும் 1987 ஜூலை 1க்கும் நடுவில் இந்தியாவில் பிறந்தவர் நம் சட்டப்படி பிறப்பாலேயே குடிமகன். அப்படியானால் கனடாவில் ஏன் அடைக்கலம் கேட்கிறாய் என்பது அங்கே நீதிமன்றம் வரை போன கேள்வி. நல்லெண்ணத்தில் நீங்கள் சொல்லும் ஒரு வரி ஒருவரின் மனுவையே கவிழ்த்துவிடலாம். வக்கீலிடம் அனுப்பிவிட்டு வெளியே காத்திருங்கள்.

டிசம்பருக்குள் பதில் வராவிட்டால் எனக்கு எழுதுங்கள். கையில் மடிக்கணினியும், முடிந்தால் ஒரு சின்ன ஸ்கேனரும் எடுத்துப் போங்கள்.