நாய்களின் தோல் ஒட்டுண்ணிகள்: மலையக வாசகர்களின் கேள்விகளுக்கு மிருக வைத்தியர் பதில்

தலவாக்கலை வாசகி: எங்கள் நாய் இரவெல்லாம் சொறிந்துகொண்டே இருக்கிறது. காது ஓரத்திலும் முழங்கையிலும் முடி கொட்டிப் பொருக்குத் தட்டியுள்ளது. அம்மாவின் கையிலும் அரிக்கும் சிவந்த பருக்கள் வந்துள்ளன. பழைய என்ஜின் ஒயில் பூசினால் போய்விடும் என்று எங்கள் லயத்தில் (தோட்டக் குடியிருப்பில்) சொல்கிறார்கள். பூசலாமா?

பதில்: தயவுசெய்து பூசாதீர்கள், அக்கா. நாய் தன் உடலை நக்கும்போது அந்த ஒயில் வயிற்றுக்குள் போகும், புண்ணான தோலின் வழியாகவும் ஊறும். மண்ணெண்ணெயும் அப்படியே. நீங்கள் சொல்லும் அறிகுறிகள், தோலுக்குள் துளைத்துச் சென்று முட்டையிடும் சொறிச் சிற்றுண்ணியையே காட்டுகின்றன. காது மடலின் ஓரத்தை இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். உடனே பின்னங்காலைத் தூக்கிச் சொறிய முயன்றால் சந்தேகம் வலுக்கும். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கும்போது இந்தச் சிற்றுண்ணி பல நேரங்களில் அகப்படுவதில்லை. ஆகவே பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக நோய் இல்லை என்று முடிவு செய்யாமல், அறிகுறிகளை வைத்தே வைத்தியர் சிகிச்சையைத் தொடங்குவது சரியான வழிதான்.

தோலில் விடும் செலமெக்டின் சொட்டு மருந்து, அஃபொக்சோலனர், ஃப்ளூரலனர் மாத்திரைகள் ஆகியவை நன்றாக வேலை செய்கின்றன. எதைக் கொடுத்தாலும் நாயை நிறுத்துப் பார்த்து, எடைக்கேற்ற அளவிலேயே கொடுக்க வேண்டும். அதைவிட முக்கியமானது, ஒன்றோடொன்று பழகும் லயத்து நாய்கள் எல்லாவற்றுக்கும் ஒரே காலத்தில் சிகிச்சை செய்வது. ஒரு நாய் விடுபட்டாலும் நோய் திரும்பி வரும். குளிரும் ஈரமும் உள்ள இடத்தில் இந்தச் சிற்றுண்ணி நாயின் உடலுக்கு வெளியே அதிக நாள் உயிரோடிருக்கும் என்பதால், நம் பக்கத்தில் படுக்கைச் சாக்கை எரித்துவிடுவதோ கொதிநீரில் துவைப்பதோ அவசியம். நாய்ச் சிற்றுண்ணி மனிதத் தோலில் நிலைத்துப் பெருகாது. நாய் குணமானால் அம்மாவின் அரிப்பும் தணியும். ஆயினும் மனிதருக்கு மனிதர் தொற்றும் சிரங்கு வேறு, அதற்குத் தனிச் சிகிச்சை வேண்டும் என்பதால் அவரையும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

பண்டாரவளை வாசகர்: நான்கு மாதக் குட்டிக்குக் கண்ணைச் சுற்றி முடி கொட்டுகிறது, அரிப்பு இல்லை. மற்றக் குட்டிகளுக்குத் தொற்றுமா?

பதில்: இது பெரும்பாலும் டெமோடெக்ஸ் என்னும் வேறு சிற்றுண்ணி. பிறந்த சில நாட்களுக்குள் தாயிடமிருந்து வருவது. பிறகு நாய்க்கு நாய் தொற்றுவதில்லை. ஓரிரு இடத்தில் மட்டும் இருந்தால் அநேகமாகத் தானே ஆறும். உடல் முழுவதும் பரவினால் சிகிச்சை தேவை. ஸ்டீரொய்ட் மருந்து மட்டும் வேண்டாம், அது எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து நோயைப் பரப்பிவிடும்.

ஹட்டன் வாசகர்: கொழுந்து மலைக்குக் கூட வரும் நாயில் தினமும் உண்ணி. இரண்டு நாளாகச் சாப்பாடும் இல்லை, ஈறு வெளுத்துச் சிறுநீர் கறுத்துப் போகிறது.

பதில்: இன்றே வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள், தம்பி. உண்ணி கடத்தும் பபேசியா என்ற கிருமி சிவப்பணுக்களை அழிக்கும்போது இப்படித்தான் ஆகும். இரத்தத்தைப் பரிசோதித்து விரைவாக மருந்து கொடுத்தால் காப்பாற்றலாம். அருகில் வசதி இல்லாவிட்டால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலை இருக்கிறது. இனிமேல் மலையிலிருந்து வந்தவுடன் காதுக்குள், விரலிடுக்கில், கக்கத்தில் தடவிப் பாருங்கள். உண்ணியைத் தோலோடு ஒட்டிச் சாமணத்தால் பிடித்து நேராக இழுக்க வேண்டும். நெருப்பால் சுடக் கூடாது, நசுக்கவும் கூடாது. வயிறு நிறைந்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்புகளில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆகவே அந்த வெடிப்புகளை அடைப்பதும் சிகிச்சையில் ஒரு பகுதி.

நுவரெலியா வாசகி: மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியை நாய்க்குப் போடலாமா? நாயின் சொட்டு மருந்தில் மிச்சத்தைப் பூனைக்கு விடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். மாட்டு ஊசி மருந்தில் ஒரு மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம் ஐவர்மெக்டின் உண்டு. சிறிய நாய்க்கு ஒரு துளி கூடினாலும் அளவு பன்மடங்காகிவிடும். கொலி இனக் கலப்பு நாய்கள் சிலவற்றில் இம்மருந்து மூளைக்குள் புகுந்து, நடுக்கமும் மயக்கமும் உண்டாக்கி உயிரையும் எடுக்கும். நாய்க்கான சொட்டு மருந்துகள் பலவற்றில் உள்ள பெர்மெத்ரின் என்னும் பூச்சிகொல்லி பூனைக்கு விஷம். அப்படி ஒரு மருந்தை நாய்க்கு இட்டால், அது காயும்வரை பூனையை அதன் அருகில் படுக்க விடாதீர்கள்.