எஞ்சின் மவுண்ட்: மூன்றையும் மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: 2007ஆம் ஆண்டு டொயோட்டா விட்ஸ், 1000 சிசி, ஓட்டோ கியர். டிரைவில் போட்டு பிரேக்கில் நிற்கும்போது ஸ்டியரிங்கும் சீட்டும் நடுங்குகின்றன; ஏசி போட்டால் இன்னும் கூடுகிறது. எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் றப்பர் மவுண்ட் மூன்றையும் மாற்றச் சொல்கிறார் கராஜ்காரர். பாவித்த ஜப்பான் சாமான் போதுமா?
– வாசகர், உப்புவெளி

பதில்: காசு கொடுக்குமுன் சோதித்துவிடுங்கள். உங்களுடையது மூன்று சிலிண்டர் எஞ்சின். கொஞ்ச நடுக்கம் அதன் இயல்பு. பிளக், கொயில் பழுதானாலும், த்ரொட்டில் அழுக்கேறினாலும் இதே நடுக்கம் வரும். நியூட்ரலிலும் எஞ்சின் தடுமாறினால் முதலில் அவற்றைப் பாருங்கள். நியூட்ரலில் சீராக ஓடி, டிரைவில் மட்டும் நடுங்கினால் மவுண்டைச் சந்தேகிக்கலாம்.

பொனட்டைத் திறந்து, ஹேண்ட் பிரேக் இழுத்து, கால் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி டிரைவுக்கும் ரிவர்ஸுக்கும் மாற்றுங்கள். இன்னொருவர் பக்கவாட்டில் நின்று பார்க்கட்டும்; காருக்கு முன்னே நிற்கக்கூடாது. எஞ்சின் சற்று அசைவது வழமை. ‘டொக்’ என்ற சத்தத்தோடு துள்ளினால் மவுண்ட் போய்விட்டது. றப்பரின் மேற்தோலில் மெல்லிய வெடிப்பு இருப்பதை வைத்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம். உலோகத்திலிருந்து றப்பர் பிரிந்திருக்கிறதா, திரவம் நிரப்பிய வகையென்றால் கருமையாகக் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஒன்று கிழிந்தால் அதன் சுமை மற்றவற்றில் விழும். மூன்றும் காரோடு வந்தவையென்றால் சேர்த்து மாற்றுவதே நல்லது. கூலியும் ஒருமுறையோடு முடியும். பாவித்தது வேண்டாம். றப்பர் ஓடாமல் இருந்தாலும் முதுமையடையும், வெளிப்பார்வைக்கு அது தெரியாது. திரவ மவுண்டுக்குப் பதிலாக அதே அளவில் வரும் கட்டி றப்பரும், கிழிந்ததில் யூரிதேன் வார்த்துத் தருவதும் நடுக்கத்தைக் கூட்டவே செய்யும். கொழும்பு பஞ்சிகாவத்தைச் சாமான் கடைகளிலிருந்து வரவழைத்தாலும் சேசிஸ் இலக்கத்தைக் கொடுத்தே வாங்குங்கள். ஓட்டோவுக்கும் மனுவலுக்கும் மவுண்ட் வேறுபடலாம்.

கடற்காற்றில் போல்ட்டுகள் இறுகிப்போயிருக்கும். முதல்நாள் மாலையே துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிடச் சொல்லுங்கள். மறுநாள் பட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றி, எஞ்சினுக்கு அடியில் அகலமான பலகை வைத்து ஜாக் கொடுக்கவேண்டும். ஜாக் நேரே ஒயில் பானில் பட்டால் பான் நெளியும். ஹோஸ்களும் எக்ஸோஸ்ட் குழாயும் இழுபடுமளவுக்கு உயர்த்தக்கூடாது. ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றி, போல்ட்டுகளைக் கையால் மட்டும் முடுக்கிவிட்டு, எஞ்சினின் பாரம் மவுண்டில் இறங்கிய பிறகே டோர்க் ரென்ச்சால் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் சாவி) கொம்பனி சொன்ன அளவுக்கு இறுக்கவேண்டும். துளை நேராக வராதபோது இம்பாக்ட் கன்னால் இழுத்துப் பூட்டினால் அலுமினியப் பிராக்கெட்டின் மரை போய்விடும், கவனம்.

கேள்வி: புது மவுண்ட் இரண்டே மாதத்தில் கிழிந்தது. கடைக்காரர் மாற்றித்தர மறுக்கிறார்.
– வாசகர், கந்தளாய்

பதில்: முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள். றப்பர் ஊதி, பிசுபிசுத்திருந்தால் மேலிருந்து எஞ்சின் ஒயில் சொட்டுகிறது. வால்வு கவர் பாக்கிங்கை மாற்றாமல் எதைப் போட்டாலும் நிற்காது. றப்பர் ஒரு பக்கமாக முறுகிக் கிழிந்திருந்தால் எஞ்சின் தூக்கில் இருக்கும்போதே இறுக்கியிருக்கிறார்கள். அது கராஜின் பொறுப்பு. இரண்டுமில்லாமல் உலோகத்திலிருந்து சுத்தமாகப் பிரிந்திருந்தால் சாமானே சரியில்லை. படமெடுத்து, கழற்றிய மவுண்டையும் பற்றுச்சீட்டையும் கொண்டு கடைக்குப் போங்கள். அப்போதும் மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம். கேட்டால் பற்றுச்சீட்டு தருவது விற்பவரின் சட்டக் கடமை. அடுத்தமுறை அதில் பாக இலக்கத்தையும் உத்தரவாதக் காலத்தையும் எழுதி வாங்குங்கள்.