வேனின் பின்புறத்துக்கு மின்சாரம்: பின்விளக்கு வயரை விட்டுவிடுங்கள்

கேள்வி: நிலாவெளி விடுதிகளுக்கு வரும் பயணிகளை ஏற்றி இறக்க ஒரு ஹையேஸ் வேன் வைத்திருக்கிறேன். புறாத்தீவுக்குப் போய்வருவோருக்காகப் பின்னால் 12 வோல்ற்றில் ஓடும் குளிர்ப்பெட்டி ஒன்றும், மிதவைகளுக்குக் காற்றடிக்கும் பம்பும் வைக்க வேண்டும். கைத்தொலைபேசி, கமரா சார்ஜ் செய்யவும் வசதி வேண்டும். பின்விளக்கு வயரிலிருந்தே இணைப்பெடுத்து இரண்டு சொக்கற் பூட்டலாம், அரைமணி நேர வேலை என்கிறார் தெரிந்த பாஸ் ஒருவர். அது சரிவருமா? 230 வோல்ற்று பிளக்கும் ஒன்று போடலாமா?

பதில்: சரிவராது. பின்விளக்கு வயரில் மின் வருவது விளக்கைப் போட்ட பின்புதான். ஆகவே குளிர்ப்பெட்டி ஓட வேண்டுமானால் நண்பகல் வெயிலிலும் நீங்கள் விளக்கை எரியவிட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். அதைவிடப் பெரிய குறை அந்த வயரின் தடிப்பு. 5 வாற்றுக் குமிழுக்கென்று இழுத்த மெல்லிய வயரில் 10 அம்பியர் இழுக்கும் பம்பை மாட்டினால் பியூஸ் போகும்; பியூஸ் போனதும் அந்த இடத்தில் பெரியதொன்றைச் செருகுவார்கள்; அதன்பிறகு உருகுவது பியூஸாக இருக்காது, வயராக இருக்கும். இதற்கிடையில் பின்விளக்கும் அணைந்துபோயிருக்கும். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் யானை குறுக்கே நிற்கும் இருட்டில் அப்படியொரு வேனை நிறுத்தினால், பின்னால் வரும் பஸ்காரருக்கு நீங்கள் இருப்பதே தெரியாது.

பற்றறியிலிருந்து பின்புறத்துக்குத் தனியாக ஒரு வயர் இழுப்பதே முறை. குளிர்ப்பெட்டி ஓடும் நேரத்தில் 4 முதல் 5 அம்பியர், பம்பு 10 அம்பியர், சார்ஜ் செய்யும் யூஎஸ்பி சொக்கற் 3 அம்பியர் என்று வைத்துக்கொண்டால், மூன்றும் ஒருசேர ஓடும்போது ஏறக்குறைய 18 அம்பியர் வரும். 20 என்றே கணக்கிடுங்கள். வளைவு நெளிவுகளையும் சேர்த்தால் வயர் 6 மீற்றர் வரை போகும், திரும்பி வரும் ஏர்த் வயருடன் 12 மீற்றர். இந்தத் தூரத்தில் 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால் ஏறக்குறைய 1.8 வோல்ற்று வழியிலேயே கரைந்துவிடும், பற்றறியில் 12.4 வோல்ற்று இருந்தாலும் பின்னால் 10.6 மட்டுமே கிடைக்கும், குளிர்ப்பெட்டியோ பற்றறி இறங்கிவிட்டதென்று எண்ணித் தானாக நின்றுவிடும். 6 சதுர மில்லிமீற்றர் வயரில் இழப்பு முக்கால் வோல்ற்றோடு நிற்கும். விலை சற்றுக் கூடினாலும் இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் தடித்த கம்பி வயரும் வேண்டாம். வாகன அதிர்வில் அது முறியும். பல மெல்லிய இழைகள் கொண்ட வாகன வயரை, அதிலும் கிடைத்தால் வெள்ளீயம் பூசிய செம்பு இழைகள் உள்ளதை வாங்குங்கள். உப்புக் காற்றில் வெறும் செம்பு பச்சைக் களிம்பு பிடித்து, உறைக்குள்ளேயே இற்றுப்போவதை இந்தக் கரையில் அடிக்கடி காணலாம்.

30 அம்பியர் பியூஸ் ஒன்றைப் பற்றறியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பூட்ட வேண்டும். பியூஸ் இருப்பது குளிர்ப்பெட்டியைக் காப்பதற்காக என்று பலர் நினைக்கிறார்கள். அது வயரைக் காக்கவே இருக்கிறது. பின்னால் சொக்கற்றுக்குப் பக்கத்தில் மட்டும் பியூஸ் வைத்தால், நடுவழியில் தகடு உராய்ந்து வயரின் உறை கிழியும்போது, முழுப் பற்றறியின் பலமும் அந்த இடத்தில் தீயாக வெளிப்படும். முன்னால் பெரிய பியூஸை வைத்த பிறகு, பின்னால் சிறு பியூஸ் பெட்டியொன்றில் குளிர்ப்பெட்டிக்கும் பம்புக்கும் தலா 15, யூஎஸ்பிக்கு 5 அம்பியர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். தகட்டைத் துளைத்து வயர் செல்லும் ஒவ்வோரிடத்திலும் றப்பர் வளையம் வேண்டும். எரிபொருள் குழாய்க்கும் புகைக்குழாய்க்கும் அருகே வயரைக் கொண்டுபோகக் கூடாது. இணைப்புகளை முறுக்கி இன்சுலேசன் ரேப் சுற்றும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்: சித்திரை வெயிலில் அந்தப் பசை உருகி ஒழுகிவிடும். முனைகளைக் கருவியால் அழுத்திப் பொருத்தி, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடுவதே நிலைக்கும்.

ஏர்த் வயரைப் பின்னாலுள்ள ஏதாவதொரு ஆணியில் கட்டிவிடுவார்கள். கறல் பிடிக்கும் ஊரில் அது இரண்டு மாரி தாங்காது. கறுப்பு வயரையும் முன்னால் கொண்டுவந்து, பற்றறியின் எதிர்முனை வயர் வேனின் உடலில் இணையும் இடத்திலேயே, பூச்சைச் சுரண்டி, இறுக்கி, கிறீஸ் பூசி விடுங்கள்.

எஞ்சின் நிற்கும்போது என்ன நடக்கும் என்பது அடுத்தது. பயணிகள் தீவில் இருக்கும் மூன்று நான்கு மணி நேரத்தில் குளிர்ப்பெட்டி விட்டுவிட்டு ஓடி 10 அம்பியர்-மணி வரை எடுக்கும். 65 அம்பியர்-மணிப் பற்றறிக்கு அது சுமையல்ல. ஆனால் இரவு முழுதும் ஓடவிட்டால் பாதி இறங்கிவிடும், ஸ்ராட் செய்யும் பற்றறியோ அடிக்கடி அப்படி இறங்கினால் சீக்கிரம் செத்துப்போகும். எனவே பம்பையும் யூஎஸ்பியையும் சாவியைத் திருப்பினால் மட்டும் மின் வரும்படி 40 அம்பியர் றிலே (சிறு மின்னால் இயங்கும் தானியங்கி சுவிட்ச்) வழியாக இணையுங்கள். குளிர்ப்பெட்டியை நேரடியாக இணைத்து, அதிலுள்ள பற்றறிப் பாதுகாப்பை (பற்றறி இறங்கினால் பெட்டியை நிறுத்தும் வசதி) உயர்ந்த நிலையில் வைத்தால் போதும். இரவிலும் ஓட வேண்டியிருந்தால் இரண்டாவது பற்றறிதான் வழி. அதை வேனுக்குள் வைப்பதானால், அமில நீர் ஊற்றும் வகை சார்ஜ் ஆகும்போது ஐதரசன் வாயுவை விடும் என்பதால், அமிலம் கண்ணாடி இழைப் பாயில் ஊறியிருக்கும் மூடிய ஏஜிஎம் வகையாகப் பாருங்கள்.

சொக்கற்றைத் தரையிலோ பின்கதவோரத்திலோ வைக்காதீர்கள். நீந்திவிட்டு வருவோரின் காலுறைத் துடுப்பிலிருந்து சொட்டும் நீரும் மணலும் நேரே அதற்குள்தான் போகும். சில்லு மேட்டுக்கு மேலே பக்கச் சுவரில், மூடியுள்ள சொக்கற்றைப் பூட்டுங்கள். 28 மில்லிமீற்றர் துளை இடுவதற்கு முன் பலகையைக் கழற்றி, பின்புறக் குளிரூட்டியின் குழாய் அந்தப் பக்கம் போகிறதா என்று பார்க்க வேண்டும். சிகரெட் லைட்டர் வகைச் சொக்கற் குலுக்கலில் தளர்ந்து சூடாகும். குளிர்ப்பெட்டிக்கு இறுகிப் பூட்டிக்கொள்ளும் அண்டர்சன் பிளக்கையே நான் விரும்புவேன்.

230 வோல்ற்று பிளக்கைத் தவிர்க்கலாம். மடிக்கணினிக்கு 12 வோல்ற்றை 230 வோல்ற்றாக மாற்றும் 150 வாற்று இன்வேட்டர் ஒன்றைப் பம்பின் சொக்கற்றில், பம்பு ஓடாத நேரம் செருகினால் போதும். 1000 வாற்று வேண்டுமென்றால் பற்றறியிலிருந்து 90 அம்பியர் வர வேண்டும். மேலே சொன்ன வயர் எதுவும் அதைத் தாங்காது. ஈரக் கையோடு ஏறும் பயணிகளுக்குப் பக்கத்தில் 230 வோல்ற்றை வைப்பதும் எனக்கு உவப்பில்லை.

வேலை முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு, எல்லாவற்றையும் கால் மணி நேரம் ஒன்றாக இயக்கி, பியூஸ் பிடியையும் இணைப்புகளையும் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இருக்கலாம், கை வைக்க முடியாதபடி சுட்டால் அந்த இணைப்பைக் கழற்றி மீண்டும் அழுத்திப் பொருத்தச் சொல்லுங்கள்.