மீன் தொட்டியில் இலை கரைந்தால் செடியைப் பிடுங்காதீர்கள்

கேள்வி: இரண்டடி நீளத் தொட்டி, சுமார் 50 லிட்டர் தண்ணீர். கொளத்தூர் மீன் சந்தைக்குப் போய் கிரிப்டோகோரைன், அனுபியாஸ், அமேசான் ஸ்வார்ட், ரோட்டாலா என்று நான்கு வகை நீர்ச்செடி வாங்கி வந்து நட்டேன். இரண்டே வாரத்தில் கிரிப்டோ இலைகள் கூழாகிவிட்டன. சரளைக்குள் ஊன்றிய அனுபியாஸின் அடிப்பகுதி மெத்தென்று ஆகி நாற்றம் அடிக்கிறது. ரோட்டாலா மேலே பச்சை, கீழே மொட்டை. காப்பாற்ற முடியுமா? ஒருமுறை வாங்கியதை வீட்டிலேயே பெருக்க வழி உண்டா? – ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: கிரிப்டோவை இன்னும் பிடுங்கவில்லை என்றால் அது அநேகமாகப் பிழைத்துவிடும். கூழானது இலைதான், செடி அல்ல.

கடைக்கு வரும் நீர்ச்செடிகளில் பெரும்பாலானவை பண்ணையில் தண்ணீருக்குள் வளர்ந்தவை அல்ல. வேர் ஈரத்திலும் இலை காற்றிலும் இருக்கும்படி வளர்க்கிறார்கள். அப்படி வளர்த்தால் வேகமாக வளரும், பாசி ஒட்டாது. காற்றில் வளர்ந்த இலைக்கு மேலே மெழுகுப் பூச்சு இருக்கும். தண்ணீரில் முக்கினால் அந்த இலையால் சரியாக இயங்க முடியாது. செடி அதைக் கைவிட்டு, தண்ணீருக்கு ஏற்ற மெல்லிய இலையைப் புதிதாக விடும். கிரிப்டோ இதில் மற்ற செடிகளைவிட ஒரு படி மேல். வெளிச்சம் மாறினாலும், தண்ணீரை மொத்தமாக மாற்றினாலும், இடம் மாற்றி நட்டாலும்கூட இலையை உதிர்க்கும். அதன் சொந்த ஊரைப் பார்த்தால் காரணம் புரியும். கடைகளில் அதிகம் கிடைக்கும் வெண்டி, பெக்கெட்டி வகைகள் இலங்கையின் ஓடைக்கரைச் செடிகள். ரெட்ரோஸ்பைராலிஸ் நம் தென்னிந்திய ஆறுகளில் வளர்வது. தண்ணீர் ஏறி இறங்கும் கரையில் வாழும் செடிக்கு, பழைய இலையை விட்டுவிட்டு அடிக்கிழங்கிலிருந்து மறுபடி துளிர்ப்பது இயல்பான வேலை.

ஆகவே அழுகிய இலைகளை மட்டும் அடியோடு கத்தரித்து, கூழைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள். விட்டுவைத்தால் அம்மோனியா ஏறி மீனுக்குத்தான் கெடுதல். வேரைத் தொட வேண்டாம். மூன்று நான்கு வாரத்தில் நடுவிலிருந்து குருத்து வரும். ஆறு மாதம் அதே இடத்தில் நிம்மதியாக விட்டால், மணலுக்கு அடியில் ஓடுதண்டு போய்ப் பக்கத்தில் கன்றுகள் முளைக்கும். நான்கைந்து இலை வந்த கன்றைத் தாய்ச்செடியிலிருந்து வெட்டிவிட்டு, ஒரு வாரம் அங்கேயே இருக்கவிட்டு, அப்புறம் எடுத்து நடுங்கள்.

அனுபியாஸ்தான் அவசரம், இன்றைக்கே வெளியே எடுங்கள். அதற்கு இஞ்சி போலப் படுத்தவாக்கில் ஒரு தடித்த தண்டு இருக்கிறதே, செடியின் உயிர் அதில்தான். அதைச் சரளைக்குள் புதைத்ததால் அழுகுகிறது. தண்டை நகத்தால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருக்கும் பகுதி உயிரோடு இருக்கிறது. பழுப்பாகி அமுங்கும் பகுதியைப் புது பிளேடால் வெட்டி எறியுங்கள். வெட்டிய முகம் முழுக்க வெளிர்பச்சையாகத் தெரியும்வரை கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே வாருங்கள். நடுவில் ஒரு பழுப்புப் புள்ளி மிஞ்சினாலும் அங்கிருந்து அழுகல் மறுபடி கிளம்பும். இலையே இல்லாத துண்டு மிஞ்சினாலும் கெட்டியாக இருந்தால் எறிய வேண்டாம், துளிர்க்க வாய்ப்பு உண்டு.

மிஞ்சியதை ஒரு கல்லின் மேல் வைத்துத் தையல் நூலால் கட்டுங்கள், அல்லது ஒரு சொட்டு சூப்பர் க்ளூவால் ஒட்டுங்கள். அந்தப் பசை தண்ணீரில் இறுகிவிடும், மீனுக்கு ஆபத்தில்லை. வேர் தானாகக் கல்லைப் பற்றிக்கொள்ளும். வெளிச்சம் குறைந்த மூலையே இதற்கு நல்லது, வெளிச்சம் அதிகமானால் இலைமேல் பாசி படியும். பெருக்க வேண்டுமென்றால் துண்டுக்கு மூன்று நான்கு இலையாவது இருக்கும்படி தண்டை வெட்டிப் பிரிக்கலாம். மாதம் ஒன்றிரண்டு இலைதான் விடும், பொறுமை வேண்டும். ஜாவா ஃபெர்னும் இதே முறைதான். அதன் இலைக்கு அடியில் வரிசையாக வரும் கரும்புள்ளிகளை நோய் என்று நினைத்துப் பலர் வெட்டிவிடுகிறார்கள். அவை வித்துப் பைகள். முதிர்ந்த இலையின் ஓரத்தில் வேரோடு குட்டிச் செடியும் வரும், கிள்ளி எடுத்து வேறொரு கல்லில் கட்டலாம்.

ரோட்டாலா கீழே மொட்டையாவது வெளிச்சம் அடிவரை எட்டாததால். கடையில் கட்டாகத் தருவதை அப்படியே நட்டிருப்பீர்கள். சுற்றியிருக்கும் பஞ்சையும் உலோகப் பட்டையையும் கழற்றிவிட்டுத் தண்டுகளைப் பிரியுங்கள். நுனியிலிருந்து நான்கைந்து அங்குலம் விட்டு, ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். அடி இரண்டு கணுக்களின் இலைகளைக் கிள்ளிவிட்டு, இடுக்கியால் பிடித்துச் சாய்வாக ஒன்றரை அங்குலம் இறக்குங்கள். நேராகக் குத்தினால் மிதந்து வந்துவிடும். தண்டுக்குத் தண்டு ஒரு விரல் இடைவெளி போதும். புதைந்த கணுக்களிலிருந்து வேர் இறங்கும். மண்ணில் மிஞ்சிய அடித்தண்டு கெட்டியாக இருந்தால் அதுவும் பக்கக் கிளை விடும். ஒன்று இப்படித்தான் இரண்டு மூன்றாகிறது. ஹைக்ரோஃபிலா, லுட்விஜியா, நீர்ப்பிரமி போன்ற தண்டுச் செடிகள் எல்லாவற்றுக்கும் இதுவே வழி. தொட்டி பழகும்வரை வேகமாக வளரும் இந்த வகைகளை நிறைய வையுங்கள். தண்ணீரில் சேரும் நைட்ரேட்டை உறிஞ்சிப் பாசியைக் கட்டுப்படுத்துவது இவைதான்.

அமேசான் ஸ்வார்ட் பெருந்தீனிக்காரச் செடி. ஆற்று மணலிலும் வண்ணச் சரளையிலும் சத்து கிடையாது. அதன் வேருக்குப் பக்கத்தில் மீன் தொட்டிக்கென்றே விற்கும் உர மாத்திரையை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதையுங்கள். இலைகள் கிளம்பும் நடுக்குருத்து மண்ணுக்கு மேலே இருக்கட்டும். வளர்ந்த செடி நீளமாகப் பூந்தண்டு விடும். அதைத் தண்ணீருக்குள்ளேயே வளைத்து விட்டால் கணுக்களில் கன்று கட்டும். வேர் இரண்டு அங்குலம் வந்ததும் பிரித்து நடலாம்.

உரம் என்றதும் மாடித் தோட்டத்துக்கு வாங்கிய யூரியா, டிஏபி, சாணம் எதையும் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். அம்மோனியா ஏறி ஒரே நாளில் மீன்கள் செத்துவிடும். புது இலை வெளுத்து வந்தால் இரும்புச் சத்துக் குறைவு. பழைய இலைகளில் சிறு ஓட்டைகள் விழுந்தால் பெரும்பாலும் பொட்டாசியம் குறைவு. இரண்டுக்கும் மீன் தொட்டிக்கான திரவ உரம் கிடைக்கிறது.

விளக்கு ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும், டைமர் வைத்துவிடுங்கள். சித்திரை, வைகாசியில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும்போது தண்ணீர்ப் பரப்பின் மேல் படும்படி ஒரு சின்ன ஃபேனை வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகும் தண்ணீரை மட்டும் தினமும் ஈடுகட்ட வேண்டும்.

கடைசியாக ஒன்று. செடி பெருகத் தொடங்கினால் வாரா வாரம் கத்தரித்ததைக் கொட்ட இடம் தேடுவீர்கள். ஏரியிலோ கால்வாயிலோ ஒரு துண்டைக்கூட விடாதீர்கள். ஆகாயத்தாமரையும் அழகுச் செடியாக வந்ததுதான். 2020இல் கேரளத்தில் கோழிக்கோடு பக்கம் ஆவளபாண்டி ஓடையை இளஞ்சிவப்புப் பூவாக மூடி, பார்க்கக் கூட்டம் திரண்டதே, அந்தக் கபோம்பாவும் மீன் தொட்டிகளில் வளர்க்கும் தென்னமெரிக்கச் செடிதான். வெட்டியதை மொட்டை மாடியில் நன்றாகக் காயவைத்துப் பூந்தொட்டி மண்ணில் கலந்துவிடுங்கள்.