பெட்டூனியா விதையை மண்ணால் மூடாதீர்கள்

காரைக்குடியில் சித்திரை வெயிலில் பெட்டூனியாப் பூச்செடியை விதைத்து, அரை அங்குலம் செம்மண் போட்டு மூடியும் 20 நாளாக முளைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள் அக்கா. விதையைக் குறை சொல்லாதீர்கள். அது கடுகைவிடப் பொடி, முளைக்க வெளிச்சம் வேண்டும். நம்ம ஊர்ச் செம்மண்ணோ நனைந்து காய்ந்தால் ஓடு கட்டிவிடும். அதைத் துளைக்க அந்தத் தூசி விதைக்குத் தெம்பு ஏது?

தென்னைநார்க் கழிவில் சலித்த மண்புழு உரம் கொஞ்சம் கலந்து நனைத்து, விதையை மேலே தூவி, விரலால் லேசாக அழுத்துங்கள், அவ்வளவுதான். தண்ணீரை ஊற்றாமல் தெளிப்பானால் அடியுங்கள்.

24 டிகிரி வாக்கில்தான் நன்றாக முளைக்கும். அதனால் ஐப்பசி வரை பொறுங்கள். முற்றத்துத் தாழ்வாரத்தில் சாரல் படாத இடமாக வைத்தால் 10 நாளில் பச்சை தெரியும். இப்போதே பூ வேண்டுமென்றால் ஜீனியா போடுங்கள், வெயில் தாங்கும். அதைக் கால் அங்குலம் மூடலாம்.