உறுதியில இல்லாத வீடுகள் – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

நான் யாழ்ப்பாணத்தில புவியியல் படிக்கிறன், கடைசி வருசம். வலிகாமம் வடக்கில மீளக்குடியேறின ஒரு ஊரை ஆய்வுக்கு எடுத்திருக்கிறன். கோட்பாட்டு அத்தியாயத்துக்கு புவியியலாளர் டேவிட் ஹார்வியை எடுக்கிறதா, அதிகாரத்தைப் பற்றி எழுதின பிரெஞ்சு மெய்யியலாளர் ஃபூக்கோவை எடுக்கிறதா எண்டு குழம்பிப்போய் நிக்கிறன். எல்லாத்துக்கும் பொருந்துற ஒரே பெரிய உண்மை இல்லை எண்டு சொல்லுற பின்நவீனத்துவம் எல்லாம் பழசாப் போச்சு எண்டு சிநேகிதி சொல்லுறாள். மற்றது, எல்லைகள் எல்லாமே கட்டமைக்கப்பட்டது எண்டால் நாங்கள் இழந்த ஊரும் வெறும் கற்பனை தானா?

---

அன்புள்ள தங்கச்சி,

உங்கட கடைசி வரியை வாசிச்சிட்டுக் கனநேரம் சும்மா இருந்தனான். போன மாசம் அம்மாவின்ர ரங்குப்பெட்டியைத் திறந்து காணி உறுதியை எடுத்து வாசிச்ச நாளில இருந்து இதுதான் எனக்கும் ஓடிக்கொண்டிருக்கு.

சிநேகிதியின்ர கதையை விடுங்கோ, பழசு புதுசு பாக்கக் கோட்பாடு என்ன சீலையா. ஹார்வி 1969இல புவியியலை விஞ்ஞான முறையில எப்பிடி விளக்கிறது எண்டு தடிச்ச புத்தகம் எழுதினவர், அந்த வருசமே அமெரிக்காவில பால்டிமோருக்குப் போய், அங்க ஆருக்கு வீடு கிடைக்குது ஆருக்குக் கிடைக்கேல்ல எண்டு தேடித் திரிஞ்சு, 1973இல மார்க்ஸைக் கையில வைச்சுக்கொண்டு நிக்கிறார். பேந்து 1989இல அவர் பின்நவீனத்துவத்தைப் பற்றி எழுத, ரெண்டு வருசத்தில இன்னொரு புவியியலாளர் டொரீன் மாசி, உங்கட கணக்கில பொம்பிளையள் எங்க எண்டு கேட்டு எழுதினவ. இவையின்ர சண்டையை வாசியுங்கோ, நல்லது. ஆனா ஆரைப் போடுறது எண்டு என்னைக் கேக்காதேங்கோ.

கட்டினது எண்டால் பொய் எண்டு ஆர் பிள்ளை உங்களுக்குச் சொன்னது? கோவம்தான் வருது. மதில் ஆரோ கட்டினதுதானே, போய்த் தலையை முட்டிப்பாருங்கோ ரத்தம் வருதோ இல்லையோ எண்டு. 1968இல மாவிட்டபுரம் கோயிலுக்குள்ள விடச்சொல்லி ஒடுக்கப்பட்ட சாதிச் சனம் வாசல்ல நிண்டது, அந்தத் தடையும் மனுசர் உண்டாக்கினதுதான், அண்டைக்கு அங்க நிண்ட ஒருத்தரிட்டப் போய் இது கற்பனை எண்டு சொல்ல வாய் வருமா? வெளி, அதாவது நாங்கள் வாழுற இடம், உற்பத்தி செய்யப்படுறது எண்டு பிரெஞ்சு மெய்யியலாளர் லெஃபெவ்ர் 1974இல எழுதினார். தோட்டம் செய்யிற மாதிரித்தான், உழைச்சு, நடந்து, அதிகாரம் பண்ணி, தடுத்து, அப்பிடி உண்டாக்கிறது. உண்டாக்கினபடியால்தான் பறிக்கவும் ஏலும்.

நாங்கள் 1990இல சண்டையால ஊரை விட்டு வெளிக்கிட்டனாங்கள். திரும்பிப் போய்க் காணியில கால் வைக்க இருபது வருசத்துக்கு மேல போட்டுது. வேலி இல்லை, பனை இல்லை, வீடு இருந்த அடையாளமும் இல்லை, ஒரே பத்தை. உறுதியில நாலு பரப்பு, கிழக்கெல்லை ஒழுங்கை எண்டு கிடக்கு, ஒழுங்கையைக் காணேல்ல. நில அளவைக்காரர் படத்தை விரிச்சு வைச்சுக்கொண்டு முழிக்கிறார். அம்மாதான் பத்தைக்குள்ள கிணத்தைக் கண்டுபிடிச்சவ. கிணத்துக்கட்டில கையை வைச்சுக்கொண்டு நிண்டா, குசினி உங்கால, மாட்டுக்கொட்டில் உங்கால எண்டு காலடியை எண்ணி எண்ணி நடந்து போய், இதுதான் ஒழுங்கை எண்டு நிண்டா. பிறகு அளந்து பாக்க ஒரு அடிதான் வித்தியாசம். அந்த ஒரு அடிக்குப் பக்கத்துக் காணிக்காரரோட அண்டைக்கே வேலிச்சண்டையும் தொடங்கிட்டுது.

இதை நான் எத்தினை பேருக்குப் பெருமையாச் சொல்லியிருப்பன். போன மாசம் உறுதியை வாசிக்கேக்கதான் நெஞ்சில குத்தினது. ஒழுங்கைக்கு அங்கால ஒடுக்கப்பட்ட சாதி ஆக்கள் அஞ்சு குடும்பம் இருந்தது, தங்கச்சி. எங்கட கிணத்தில அவை அள்ளேலாது, வாளியைத் தொடேலாது, நாங்கள் ஊத்த ஏந்திக்கொண்டு போகவேணும். சின்னப்பெடியனா நானே ஊத்தியிருக்கிறன். அவை இருந்தது வேற ஆக்களின்ர காணியில, அவைக்கு உறுதி இல்லை. எங்கட உறுதியிலயும் அவை இல்லை, கிழக்கெல்லை ஒழுங்கை, அவ்வளவுதான். ஆமி காணியைத் திருப்பி விட்ட நேரம் கொண்டுபோய்க் காட்ட அவையிட்ட ஒரு கடுதாசியும் இருக்கேல்ல. அம்மாவின்ர காலடிக்கணக்கை எல்லாரும் நம்பினது உறுதி கையில இருந்தபடியால்தான்.

ஊர் ஊரா இப்பிடி கோயிலுக்குக் கிட்ட ஆர், தூர ஆர், கிணறு ஆருக்கு எண்ட அதே ஒழுங்கு திரும்பத் திரும்ப வருது, அந்த விதியைப் பிடிக்க, மறைஞ்சிருக்கிற அமைப்பைத் தேடுற அமைப்பியல் உதவும். விதி எழுதினவை ஆரை எழுதாமல் விட்டவை எண்டு கேக்க அது காணாது. வரைபட வரலாற்றை ஆராய்ஞ்ச ஹார்லி 1989இல வரைபடத்தைக் கட்டுடைச்சு, அதாவது பிரிச்சுப் போட்டு உள்ளுக்கு மறைஞ்சதைப் பாத்து, எழுதினது இதைத்தான், படத்தில என்ன விடுபட்டிருக்கு எண்டு பாருங்கோ எண்டு.

உங்கட ஊரிலயும் ஒரு ஒழுங்கை இருக்கும். அதுக்கு அங்கால இருந்த ஆக்கள் இப்ப எங்க எண்டு தேடிப் போங்கோ, எங்க தண்ணி அள்ளினவை எண்டு கேளுங்கோ. போகேக்க வெறுந்தாளும் பென்சிலும் கொண்டுபோங்கோ. ஊரை அவையே கீறட்டும்.